மங்களம் குருமாவும் மருத்துவப் படிவமும்

ஷர்மினிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி பரவியதும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வாளி வாங்கிக் கொடுத்தார்கள். மொத்தம் ஒன்பது வாளிகள். விடுதிக்குப் போகிற பிள்ளைக்கு வாளி வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. மருந்தியல் படிக்கப் போகிறவள், மாட்டுப் பண்ணைக்கு வேலைக்குப் போகிறவள் மாதிரி வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கொண்டுபோக வேண்டிய சாமான்களின் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் என் சித்தி மகள். செமோர் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்குப் பின்வரிசையில் இருக்கிறார்கள். வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்றுப் பதினெட்டு வருஷமாகியும் எங்கள் ஆட்கள் இன்னும் தோட்டத்துக் கணக்கில்தான் பேசுவார்கள். இவர் ரெண்டாம் டிவிஷன், அவர் களைக்கு மருந்து அடித்தவர் மகன் என்று. அந்தத் தோட்டத்து ஆட்களில் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்கப் போகும் முதல் பிள்ளை ஷர்மினி. நானும் கல்லூரியில்தான் படிக்கிறேன். ஈப்போவில், கைப்பேசிக் கடை ஒன்றின் மேல்மாடியில், இரண்டாம் ஆண்டு. குடும்பத்தில் இதைப் படிப்பில் சேர்ப்பதில்லை. "சுகுவும் எங்கியோ போயிட்டு வாரான்" என்பார்கள்.

ஆனாலும் ஷர்மினியைத் தயார்படுத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். படிவங்களை, எங்கள் பேச்சில் போராங், நிரப்பிப் பழக்கம் உள்ளவன் நான்தான். காரும் இருந்தது.

சேர்க்கை நாள் ஞாயிற்றுக்கிழமை. கிழக்குக் கரை வரை போக வேண்டும் என்பதால் சனிக்கிழமை விடியற்காலையில் புறப்படுவதாக ஏற்பாடு. எல்லாம் முடிந்து, மருத்துவப் பரிசோதனைப் படிவம் மட்டும் பாக்கி. டாக்டர் கையெழுத்து இல்லாமல் அந்தப் படிவத்தைக் கொண்டுபோனால் சேர்க்க மாட்டார்கள் என்று கடிதத்தில் கறுப்பு எழுத்தில் போட்டிருந்தது.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஷர்மினியின் அம்மா மங்களம் சித்தி விருந்து வைத்தாள். எண்பது பேர். சித்தி சமையல் ஆர்டர் எடுப்பவள். செமோரிலிருந்து சுங்கை சிப்புட் வரை கல்யாணங்களில் மாப்பிள்ளை யார் என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, ஆட்டுக்குருமா மங்களத்துடையதா என்பது. தேங்காயோடு கசகசாவைக் கை நிறைய அள்ளிப் போட்டு அரைப்பாள். குருமா கரண்டியில் ஏறினால் இறங்காது. அன்றைக்கு ஷர்மினியை நடுவில் உட்கார வைத்து, "அங்க போனா ஒனக்கு இதெல்லாம் யாரு போடுவா, தின்னு தின்னு" என்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் தோசைக்கும் அதே குருமா. அந்தத் தோசையைத் தின்றுவிட்டுத்தான் ஷர்மினி கிளினிக்குக்குக் கிளம்பினாள். நான் ஓட்டினேன், சித்தி பின்னால் உட்கார்ந்தாள்.

செமோர் கிளினிக்கில் சீன டாக்டர். தாதி புஷ்பலதா. புஷ்பலதா சித்தி வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. இந்த ஒரு விவரம் போதும், மீதிக் கதையைத் தாமானில் யாரும் சொல்லிவிடுவார்கள்.

சிறுநீர்ப் பரிசோதனைக்குப் புஷ்பலதா ஒரு பட்டையை நனைத்து மேசையில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கோடு வந்தது.

"ஒரு கோடுதானே. கோவிட்டுல ஒரு கோடுன்னா நல்லது," என்று சித்தி சாமியைக் கும்பிட்டாள்.

"இது வேறக்கா," என்றாள் புஷ்பலதா. "இதுல ரெண்டு கோடு வந்தாத்தான் ஒண்ணுமில்ல. ஒரு கோடுன்னா இருக்கு."

"என்னா இருக்கு?"

புஷ்பலதா பட்டையில் அச்சடித்திருந்ததைப் படித்துப் பார்த்தாள். "அபின் வக, அக்கா," என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். தாழ்த்தினால் இன்னும் தெளிவாகக் கேட்கிற குரல் அவளுக்கு. வெளியே உட்கார்ந்திருந்த ஆறு பேரும் கைப்பேசியைக் கீழே வைத்தார்கள்.

டாக்டர் என்னையும் ஷர்மினியையும் உள்ளே கூப்பிட்டார். சித்தி வெளியிலேயே நாற்காலியில் சாய்ந்துவிட்டாள், புஷ்பலதா விசிறிக்கொண்டிருந்தாள். டாக்டர் நிதானமாக மலாயில் கேட்டார்: இருமல் மருந்து குடித்தாயா? இல்லை. கஸ்-கஸ், அதாவது கசகசா, சாப்பிட்டாயா? ஷர்மினி என்னைப் பார்த்தாள். நான் அவள் சட்டை நுனியில் இருந்த குருமாக் கறையைப் பார்த்தேன்.

"கொஞ்சம்," என்றாள்.

"எவ்வளவு கொஞ்சம்?" என்று டாக்டர் கேட்டார். ஷர்மினி கறையைக் கையால் மூடினாள். அவர் செமோரில் இருபது வருஷமாக இருப்பவர். சிரித்துக்கொண்டே, இனிமேல் அதைத் தொடாமல் வியாழக்கிழமை வா, மறுபடி பார்க்கிறேன், சுத்தமாக வந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். மறுபடியும் ஒரு கோடு வந்தால் மாதிரியை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சேர்க்கை. இரண்டு வாரம் என்றால் போச்சு.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஷர்மினி மூன்று நாள் குருமா சாப்பிடாமல் இருக்க வேண்டும். உலகத்திலேயே சுலபமான காரியம். அதை நான் கெடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தியின் குருமாப் பானையைப் படமெடுத்து, 'தோட்டத்துச் சொந்தங்கள்' வாட்ஸாப் குழுவில் போட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற குழு. படத்துக்குக் கீழே இப்படி எழுதினேன்: 'மங்களம் குருமா. ஒரு தடவை சாப்பிட்டால் விட முடியாது. இப்போது டாக்டரும் உறுதிப்படுத்திவிட்டார்.'

எனக்கு நன்றாக இருந்தது. நாற்பத்தேழு பேர் சிரித்தார்கள். தெலுக் இந்தான் மாமா "அதான் எனக்கு அன்னைக்கு அப்படித் தூக்கம் வந்துச்சு" என்று குரல் பதிவு போட்டார். சித்தியவானில் இருக்கும் அத்தை, தனக்கு எழுபது வயதில் இந்தப் பழக்கம் வேண்டுமா என்று கேட்டாள். ஒரு மணி நேரத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து பெண் வீட்டுக்காரர் சித்தியைப் போனில் கூப்பிட்டார். அடுத்த வாரம் அவர் மகள் கல்யாணம், எண்ணூறு பேருக்குச் சித்தியின் குருமா. "ஒண்ணுமில்லக்கா, சும்மா கேக்கறேன், மாப்ள வீட்டுல போலீஸ்காரங்க நெறைய பேரு இருக்காங்க," என்றாராம்.

சித்தி குழுவில் குரல் பதிவு போட்டாள். அதை இன்னும் என் போனில் வைத்திருக்கிறேன். "நான் முப்பது வருசமா கசகசா அரைக்கறேன். எவனாச்சும் மயங்கி விழுந்தானா? எவனாச்சும் ரோட்டுல ஆடுனானா? என் மக இதே குருமாவ, இதே கசகசாவ தின்னுட்டு வியாழக்கெழம டெஸ்ட்டு எடுப்பா. சந்தேகம் இருக்கறவங்க புதன்கெழம சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. சாப்புட்டுட்டு போங்க."

நான் ஓடினேன். "சித்தி, டாக்டர் சாப்பிடக் கூடாதுன்னு சொன்னாரு."

"டாக்டரு சீனரு. அவருக்குக் குருமாவப் பத்தி என்னா தெரியும்லா?"

"சித்தி, அவ போறது வெளயாட்டு இல்ல."

"நீ போட்ட படம் மட்டும் வெளயாட்டா?"

நான் உதவிக்குச் சித்தப்பாவைப் பார்த்தேன்.

சித்தப்பா உடையப்பன் லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். அவர் பட்டர்வொர்த்துக்கும் கிள்ளானுக்கும் லோரி ஓட்டுபவர். கம்பெனியில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவரைக் கழிப்பறைக்குள் நிற்க வைத்து, வாசலில் சூப்பர்வைசர் காவல் நின்று, சோதனை எடுப்பார்கள். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு தடவையும் அவருக்கு இரண்டு கோடுதான். வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் கம்பெனி கொடுத்த 'ஒழுக்கமான ஓட்டுநர்' சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். டெஸ்ட் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

புதன்கிழமை சாயங்காலம் எட்டு பேர் சாட்சிக்கு வந்தார்கள். புஷ்பலதா கிளினிக் உடையோடு வந்தாள். அது அதிகாரபூர்வமாக இருக்கும் என்று சித்தி கேட்டுக்கொண்டாளாம். ஷர்மினியையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தட்டில் தோசை விழுந்தது, தோசை தெரியாத அளவுக்குக் குருமா விழுந்தது.

ஷர்மினி தோசையை ஓரத்திலிருந்து பிய்த்து, குருமா படாத இடமாகப் பார்த்து வாயில் போட்டுக்கொண்டாள். சித்தி அடுப்பங்கரைக்குத் திரும்பினாள். அந்த நொடியில் ஷர்மினியின் தட்டு சாய்ந்தது. கறி, எலும்பு, குழம்பு எல்லாம் என் தட்டுக்கு வந்தன. மூக்கைச் சிந்துகிற மாதிரி குனிந்துகொண்டு சொன்னாள்: "அண்ணே, நீ போட்ட படத்த நீயே தின்னு."

தின்றேன். சித்தி திரும்பி வந்து காலித் தட்டைப் பார்த்துப் பூரித்துப்போய் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாள். சாட்சிகளுக்குப் பரிமாறப் போனாள். தட்டு மறுபடி சாய்ந்தது. இப்படி ஏழு கரண்டி. என் பங்கு தனி.

"பாத்தியா புஷ்பா, என் மக எப்படி சாப்புடறா."

"பாத்தேன்க்கா," என்றாள் புஷ்பலதா, தன் தட்டிலிருந்து தலை தூக்காமல். சாட்சிக்கு வந்த எட்டு பேரும் அப்படித்தான் பார்த்தார்கள். அந்தக் குருமாவைத் தின்னும்போது யாரும் வேறு எதையும் பார்ப்பதில்லை.

வியாழக்கிழமை காலையிலும் தோசை, அதே குருமா, அதே தட்டு. கிளினிக்கில் பட்டை நனைந்தது. ஒரு கோடு வந்தது. சித்தி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஷர்மினி கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சம் தாமதித்து, பக்கத்திலேயே இன்னொரு கோடு வந்தது.

டாக்டர் படிவத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். ஷர்மினி அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். வரும் வழியெல்லாம் சித்தி பின்சீட்டிலிருந்து ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டு வந்தாள். சுங்கை சிப்புட் பெண் வீட்டுக்காரரிடம் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். "தின்னா, ஏழு கரண்டி தின்னா. ரெண்டு கோடு. இப்ப என்னா சொல்றீங்க?" அவர் எண்ணூறை ஆயிரமாக்கினார். அன்று சாயங்காலம் சந்தேகப்பட்ட வீடுகளுக்கெல்லாம் டப்பாவில் குருமா போனது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம்கூட அதைத்தான் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டேன்.

கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஷர்மினி போனில் கூப்பிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

"அண்ணே, அப்பா என்னைய அனுப்ப மாட்டாராம்."

"ஏன்?"

"அப்பா கிள்ளான்லேருந்து வந்தாரு. அம்மா வர்ற வழியிலயே போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. குருமா தின்னும் ரெண்டு கோடுன்னு. அப்பா கேட்டாரு, குருமாவால வரலன்னா, மொதத் தடவ எதால வந்துச்சுன்னு."

அந்தக் கணக்கை ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. லோரி ஓட்டுகிற மனுஷன் ஈப்போ தாண்டும்போதே போட்டிருக்கிறார்.

"நீ தின்னலன்னு சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னேன். அம்மா நம்பல. ஏமாத்தறேங்கறாங்க. எட்டு பேரு பாத்தாங்களாம். போராங்க அப்பா லோரிக்குள்ள வச்சு பூட்டிட்டாரு. போதப் பழக்கம் உள்ள புள்ளைய தனியா அனுப்ப மாட்டேன், பக்கத்துல ஏதாச்சும் படின்னாரு. ஒன் காலேஜ்ல எடம் இருக்குமான்னு கேட்டாரு."

அந்தக் கடைசி வரிதான் என்னை ஓட வைத்தது.

சித்தி வீட்டுக் கூடத்தில் மூன்று பெட்டிகள் பாதி திறந்து கிடந்தன. சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். லோரிச் சாவி சட்டைப் பையில். நான் நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். தட்டு சாய்ந்தது, ஏழு கரண்டி, காலையில் இன்னும் இரண்டு.

"பொய்," என்றாள் சித்தி. "தங்கச்சிய காப்பாத்தறதுக்குப் பொய் சொல்றான்."

"சித்தி, மருந்தியல் புத்தகத்துலயே இருக்கு. கசகசான்னா அபின் செடியோட வெத."

"ஆயிரம் பேருக்கு ஆர்டர் எடுத்து வச்சிருக்கேன். நீ இன்னொரு வாட்டி அந்த வார்த்தய சொல்லு."

நான் சித்தப்பாவிடம் திரும்பினேன். இந்த இடத்தில் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து இப்படி ஒரு நிரூபணம் என் கைக்கு வந்ததில்லை.

"சித்தப்பா, என்னைய டெஸ்ட் பண்ணுங்க. அவ குருமாவ தின்னது நான். எனக்கு ஒரு கோடு வரும். வந்தா நான் சொன்னது உண்ம. செமோர் பார்மசியிலயே அந்தப் பட்ட விக்குது. இப்பவே போலாம்."

சித்தப்பா எழுந்து, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், பட்டை வாங்கி வந்தார். என்னைக் குளியலறைக்குள் அனுப்பி, சூப்பர்வைசர் தனக்குச் செய்கிற மாதிரியே வாசலில் முதுகு காட்டிக் காவல் நின்றார். பிறகு நால்வரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நின்று பார்த்தோம்.

ஒரு கோடு. காத்திருந்தோம். ஒரே கோடு.

"பாத்தீங்களா," என்றேன்.

நான் ஷர்மினியைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் எழுதியிருப்பதை எனக்கு முன்பே படித்துவிட்டாள்.

சித்தப்பா மெதுவாகக் கேட்டார்: "எத்தன வருசமா?"

"என்னா எத்தன வருசமா?"

"எத்தன வருசமா எடுக்கற?"

"சித்தப்பா, குருமா."

"அதே குருமாவத்தான் அவளும் தின்னா. எட்டு பேரு தின்னாங்க. நானும் மத்தியானம் தின்னேன்." பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒனக்கு மட்டும் வந்திருக்கு."

"அதான பாத்தேன்," என்றாள் சித்தி. ஒரு வாரமாக அவள் முகத்தில் இருந்த இறுக்கம் என் கண் முன்னாலேயே கரைந்தது. "மொத நாளு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனவன் யாரு? இவன். பக்கத்துல ஒக்காந்தவன் யாரு? இவன். குருமா மேல பழியப் போட்டு குரூப்புல மொதல்ல எழுதுனவன் யாரு? நான் ஒரு மடச்சி, வெளயாட்டுன்னு நெனச்சேன்லா."

எல்லாம் பொருந்தியது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே ஒரு கணம் என் மேல் சந்தேகம் வந்தது.

"சித்தப்பா, எல்லாரும் இப்பவே டெஸ்ட் எடுப்போம்," என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. மகள் முன்னால் போய் நின்றார். பன்னிரண்டு வருஷமாக எந்தக் குரலில் அவரிடம் கேள்வி கேட்கப்பட்டதோ, அந்தக் குரலில் கேட்டார்.

"இவன் ஒனக்கு ஏதாச்சும் குடுத்தானாம்மா? தெரியாம தின்னிருந்தா ஒன்மேல தப்பு இல்ல. சொல்லிரு. சொன்னா நாளைக்கு காலையில கெளம்பலாம்."

ஷர்மினி என்னைப் பார்க்கவில்லை. பெட்டிகளைப் பார்த்தாள். அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தாள். சாவியின் ஒரு முனை வெளியே தெரிந்தது.

"தல வலிக்குதுன்னு சொன்னேன்ப்பா," என்றாள். "அண்ணன் ஒரு மாத்திர குடுத்திச்சு. பாதியா ஒடச்சு. வெள்ள கலரு. எனக்கு என்னான்னு தெரியாது."

"எப்ப?"

"விருந்து அன்னைக்கு. சாப்புட்ட பொறகு."

ஒரு பிசிறு இல்லை. நாளும் நேரமும் நிறமும் அளவும் சரியாக இருந்தன. மருந்தியலில் இவள் முதல் வகுப்பில் தேறுவாள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் என் மனத்தில் வந்தது அதுதான்.

சித்தி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஒரு வாரத்து அழுகை. தன் குருமாவும் தன் மகளும் ஒரே நேரத்தில் சுத்தமானால் யாருக்கும் அழுகை வரும். சித்தப்பா என் அம்மாவுக்குப் போன் போட்டார். "அக்கா, மனசத் தேத்திக்குங்க," என்று ஆரம்பித்தார். பேசி முடித்துவிட்டு லோரிக்குப் போய்ப் படிவத்தை எடுத்து வந்து, உறையைத் தன் சட்டையில் துடைத்து மகளிடம் கொடுத்தார். என்னிடம், "இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராத," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் கம்பெனியில் ஒரு கோடு வந்தவர்களிடம் இப்படித்தான் சொல்வார்களாக இருக்கும்.

நான் வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஷர்மினி வெளியே வந்தாள். உறை கையில் இருந்தது.

"வெள்ள கலரா?" என்றேன்.

"ஆமா."

"எதுக்கு பாதி? முழுசுன்னு சொல்லியிருக்கலாமே."

"முழுசுன்னா நான் தெரிஞ்சு தின்ன மாதிரி ஆயிரும்ண்ணே."

அதுவும் சரிதான். நான் ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டேன். "அப்பாகிட்ட எப்பவாச்சும் உண்மய சொல்வியா?"

"சொன்னா அம்மா ஆர்டர் போயிரும்," என்றாள். பிறகு, மழைக்கு முன்னால் துணி எடுக்கிற அவசரத்தில் சொல்கிற மாதிரி சொன்னாள்: "நீ ஏற்கெனவே காலேஜ்ல இருக்கண்ணே. நான் இன்னும் போய்ச் சேரல."

நான் அடுத்த செருப்பையும் தேடிப் போட்டுக்கொண்டேன்.

உள்ளேயிருந்து சித்தி குரல் கொடுத்தாள். "அங்க யாருகிட்ட பேசிக்கிட்டு இருக்க? பெட்டிய யாரு கட்டறது?"

"யாரும் இல்லம்மா," என்றாள் ஷர்மினி, என்னைப் பார்த்துக்கொண்டே. இரும்புக் கிராதிக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டிவிட்டு உள்ளே போனாள்.